பாட்டியின் மாவு வாளியிலிருந்து மைசூர் வரை

சென்ற பொங்கல் விழாவன்று நம் சங்க வளாகத்தில் சர்க்கரைப் பொங்கலுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் நின்ற பெரியவர் ஒருவர் திரும்பிப் பார்த்து, "நீங்க அந்த உணவுப் பரிசோதனைக் கூடத்துல வேலை பார்க்கறவங்கதானேம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"எம் பொண்ணு பன்னிரண்டாவது படிக்கிறா. நல்ல மார்க் வாங்குற பொண்ணு. கம்ப்யூட்டர் எடுன்னா எடுக்க மாட்டேங்கறா. உணவு அறிவியல் படிக்கப் போறேங்கறா. சமைக்கிறதுக்கும் சாப்பிடுறதுக்கும் ஒரு பட்டப் படிப்பாம்மா? நீங்களே சொல்லுங்க" என்றார். பக்கத்தில் நின்ற அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள்.

கையில் தொன்னையுடன் நின்றுகொண்டு பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. வரிசை நகர்ந்தது, பொங்கல் கிடைத்தது, பேச்சு அத்துடன் நின்றுவிட்டது. ஆனால் ஏறக்குறைய இதே கேள்வியை, இதைவிடச் சற்று உரத்த குரலில், 2000-ஆம் ஆண்டில் என் தந்தையார் என்னிடம் கேட்டிருக்கிறார். ஆகவே அந்தப் பெண்ணுக்கும், அவளைப் போல நம் குடும்பங்களில் வளரும் பிள்ளைகளுக்கும், முக்கியமாக அவர்களுடைய பெற்றோருக்கும், நான் இந்தத் துறைக்கு வந்த கதையோடு சேர்த்து இந்தப் படிப்பு என்னவென்பதையும் எழுதலாம் என்று தோன்றியது.

தில்லிக் குளிரும் இட்லி மாவும்

அப்பா மத்திய அரசு ஊழியர். இராமகிருஷ்ணபுரத்தில் அரசுக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. கும்பகோணத்திலிருந்து பாட்டி எங்களோடு வந்து தங்கிய முதல் குளிர்காலம் 1992. அப்போது எனக்கு வயது பத்து. பாட்டிக்குத் தில்லியில் பிடிக்காதவை பல இருந்தாலும், மனத்தை மிகவும் வருத்தியது ஒன்றுதான்: மாவு பொங்கவில்லை. ஊரில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பாத்திரத்தின் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, இங்கே வைத்தது வைத்தபடி கிடந்தது. இட்லி தட்டையாக, கல் போல வந்தது. "இந்த ஊர்த் தண்ணி சரியில்ல" என்பார் ஒருநாள். "என் கைராசி போயிடுத்து" என்று மறுநாள் கண்கலங்குவார்.

அப்பாவுக்கு யாரோ கொடுத்த நாட்காட்டி ஒன்றில் சிறிய வெப்பமானி ஒட்டியிருந்தது. அதைப் பிய்த்து மாவு வாளியின் பக்கத்தில் வைத்தேன். இரவில் சமையலறையில் 12 டிகிரி காட்டியது. மறுநாள் வாளியை ரஜாயில் சுற்றி, அடியில் வெந்நீர்ப் பாத்திரம் வைத்து, அதை இரண்டு முறை மாற்றினோம். 26 டிகிரி வந்தது. காலையில் மாவு பொங்கியிருந்தது. பழைய கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் தேதி, வெப்பநிலை, மாவு எத்தனை விரற்கடை உயர்ந்தது என்று ஒரு மாதம் குறித்து வைத்தேன். நான் செய்த முதல் ஆராய்ச்சி அதுதான்.

இதன் காரணத்தைப் பல ஆண்டுகள் கழித்துத்தான் படித்தேன். மாவைப் பொங்க வைப்பவை நுண்ணுயிர்கள். அவற்றுள் முக்கியமானது லூகோநாஸ்டாக் மெசென்டிராய்டிஸ் என்னும் பாக்டீரியா. 1965-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வுக் கட்டுரை இதை உறுதி செய்தது. இது மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று லாக்டிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் வெளியிடுகிறது. அமிலத்தால் புளிப்பு, வாயுவால் பொங்குதல். இந்த நுண்ணுயிர் நாம் தேடிச் சேர்ப்பதல்ல. உளுந்தோடும் அரிசியோடும் இயல்பாகவே வருவது. ஆகவே பாட்டியின் கைராசி எங்கும் போய்விடவில்லை. 30 டிகிரியை ஒட்டிய சூட்டில் விரைந்து பெருகும் உயிர், 12 டிகிரியில் மெத்தனமாகிவிட்டது; அவ்வளவுதான்.

வாயு உண்டானால் மட்டும் போதாது, அது வெளியேறாமல் நிற்கவும் வேண்டும். கோதுமை ரொட்டியில் அந்த வேலையைக் குளூட்டன் செய்கிறது. அரிசியில் குளூட்டன் கிடையாது. உளுந்தில் உள்ள புரதமும், அதன் கொழகொழப்புக்குக் காரணமான ஒருவகைச் சர்க்கரைச் சங்கிலியும் சேர்ந்து வாயுக் குமிழிகளைப் பிடித்து வைக்கின்றன. மைசூரில் உள்ள ஆய்வாளர்கள் 1970-களில் இதை ஆராய்ந்து விளக்கினார்கள். "உளுந்து கொசுகொசுன்னு பொங்க ஆட்டணும்" என்று பாட்டி சொன்னது இந்த அறிவுதான். அவருக்கு முடிவு தெரியும், காரணம் தெரியாது. காரணத்தைக் கற்பிப்பதுதான் உணவு அறிவியல்.

மஞ்சள் காகிதமும் சிம்லாப் பருப்பும்

எட்டாம் வகுப்பில் அமிலம், காரம் என்ற பாடம் வந்தது. நீல லிட்மஸ் சிவப்பாகும், சிவப்பு லிட்மஸ் நீலமாகும் என்று மனப்பாடம் செய்துகொண்டிருந்தோம். எங்கள் பள்ளியில் லிட்மஸ் தாள் தீர்ந்து போயிருந்தது. ஆசிரியை, "வீட்டில் மஞ்சள்பொடி இருக்கிறதல்லவா? நாளைக்குக் குழைத்துக் காகிதத்தில் தடவிக் காயவைத்துக் கொண்டு வாருங்கள்" என்றார். சோப்புத் தண்ணீரில் தொட்டதும் மஞ்சள் காகிதம் செந்நிறமாயிற்று. எலுமிச்சைச் சாறு பட்டதும் மறுபடியும் மஞ்சள்!

அன்று மாலை வீட்டில் இதைச் சொன்னேன். "இது என்ன அதிசயம்? மஞ்சளோட சுண்ணாம்பு சேர்த்துத்தானே குங்குமம் பண்ணுவோம்" என்றார் பாட்டி. "வெள்ளைச் சட்டையில சாம்பார் கொட்டினா, சோப்பு போட்டவுடனே சிவக்கும், அலசினா மஞ்சளாகும்" என்றார் அம்மா. பள்ளியில் பரிசோதனை என்று பெயர் பெற்றது வீட்டில் வழக்கமாக இருந்தது. இரண்டுக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை என்பது அன்றுதான் எனக்கு விளங்கியது.

ஒன்பதாம் வகுப்பில் சிம்லாவுக்குச் சுற்றுலா அழைத்துப் போனார்கள். எங்களோடு வந்த சமையல்காரர் திறந்த அண்டாவில் ராஜ்மா வேக வைத்தார். தண்ணீர் தளதளவென்று கொதித்தது. பயறு மட்டும் வேகவே இல்லை. இரவு ஒன்பது மணிக்கு எல்லோரும் ரொட்டியும் ஊறுகாயும் தின்றுவிட்டுப் படுத்தோம். கொதிக்கிறதே, ஏன் வேகவில்லை? சிம்லா ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் குறைவு. ஆகையால் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவு விறகு வைத்தாலும் அதற்குமேல் சூடு ஏறாது. அதே தண்ணீரை மூடி அழுத்தினால், நம் வீட்டுக் குக்கரில் ஏறக்குறைய 120 டிகிரி வரை போகும். இயற்பியல் புத்தகத்தில் ஒரு வரியில் இருந்த செய்தியை வயிறு காய்ந்து கற்றுக்கொண்டோம்.

பதினொன்றாம் வகுப்பில் லாகரிதம் எதற்கு என்று நாங்கள் முணுமுணுத்ததுண்டு. பின்னாளில் டப்பாவில் அடைக்கும் உணவைப் பற்றிப் படித்தபோது அதற்கும் விடை கிடைத்தது. காற்றில்லாத டப்பாவுக்குள் வளர்ந்து கொடிய நஞ்சை உண்டாக்கும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்ற பாக்டீரியாவின் வித்துகளை அழிக்க 121 டிகிரிச் சூடு வேண்டும். அந்தச் சூட்டில் சுமார் 0.21 நிமிடத்திற்கு ஒருமுறை உயிரோடிருக்கும் வித்துகள் பத்தில் ஒரு பங்காகக் குறைகின்றன. இப்படிப் பன்னிரண்டு முறை குறைக்க வேண்டுமென்பது விதி. பன்னிரண்டை 0.21-ஆல் பெருக்கினால் 2.52 நிமிடம். டப்பாவின் நடுப்பகுதி குறைந்தது அவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் இருந்தாக வேண்டும். பத்து, நூறு, ஆயிரம் என்று மடங்கு மடங்காகக் குறைவதை எழுத லாகரிதத்தைவிட வசதியான கணக்கு கிடையாது. ஒரு குழந்தையின் உயிர் அந்தக் கணக்கில் அடங்கியிருக்கிறது என்று அன்றே யாராவது சொல்லியிருந்தால் நான் முணுமுணுத்திருக்க மாட்டேன்.

1998-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம்

இதுவரை சொன்னவை ஆர்வத்தின் கதை. ஆர்வம் மட்டும் இருந்திருந்தால் நான் வேறு படிப்புக்குப் போயிருக்கக்கூடும். என்னை இந்தத் துறையில் நிறுத்தியது வேறொன்று.

எங்கள் எதிர்வீட்டில் உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த ஒரு குடும்பம். அவர்களுடைய மகள் என் வகுப்புத் தோழி. வெள்ளிக்கிழமை நாங்கள் இட்லி கொடுப்போம்; மழை பெய்தால் அவர்கள் பகோடா கொடுப்பார்கள். அந்த வீட்டுத் தாதியும் எங்கள் பாட்டியும் ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாமலேயே மணிக்கணக்கில் வாசலில் உட்கார்ந்து பேசுவார்கள்.

அந்த ஆகஸ்டில் தாதிக்குக் கால் வீங்கியது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. வயதானவர், இதயக் கோளாறாக இருக்கும் என்றார்கள். ஒரு வாரத்தில் தோழியின் அம்மாவுக்கும், பிறகு தோழிக்கும் அதே வீக்கம். மூச்சு வாங்கியது. ஓர் இரவு தாதியை ஆட்டோவில் மருத்துவமனைக்கு அழைத்துப் போனவர் என் அப்பாதான். அங்கே இதே வீக்கத்தோடு நடைபாதை முழுவதும் ஆட்கள் படுத்திருந்ததாகத் திரும்பி வந்து சொன்னார்.

செய்தித்தாள்களில் விவரம் வந்தது. கடுகெண்ணெயில் பிரம்மதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. சாலையோரத்தில் மஞ்சள் பூவோடும் முள்ளிலைகளோடும் வளர்கிறதே, அந்தச் செடிதான். அதன் விதை பார்ப்பதற்குக் கடுகைப் போலவே இருக்கும். அதிலுள்ள சாங்குனரின் என்ற நச்சு இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது; உடல் வீங்குகிறது; இதயம் தளர்கிறது. நூற்றில் ஒரு பங்கு கலந்தாலே போதும். அந்த ஆண்டில் தில்லியில் மட்டும் அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள், ஆயிரக்கணக்கானோர் நோயுற்றார்கள். உதிரிக் கடுகெண்ணெய் விற்பனைக்கு அரசு தடை விதித்தது.

எங்கள் வீட்டில் யாருக்கும் எதுவும் இல்லை. காரணம், நாங்கள் நல்லெண்ணெயும் கடலெண்ணெயும் உபயோகிப்பவர்கள். நாங்கள் தப்பித்தது பழக்கத்தினால். எங்களுக்கு எதுவும் தெரிந்திருந்ததால் அல்ல. ஆனால் அந்த மழைக்கால பகோடாக்களை நான் தின்றிருந்தேன். ஒரு மாதம் முழுவதும் தினமும் காலையில் எழுந்ததும் கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை.

பள்ளியில் எங்கள் வேதியியல் ஆசிரியர், வீட்டில் உள்ள கடுகெண்ணெயைச் சிறு புட்டியில் கொண்டுவரச் சொன்னார். ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து, அடர் நைட்ரிக் அமிலம் சேர்த்து அவரே குலுக்கினார். எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். எட்டுப் புட்டிகளில் மாற்றமில்லை. எதிர்வீட்டு டின்னின் அடியில் மிச்சமிருந்ததை நான் கொண்டு போயிருந்தேன். அதில் மட்டும் அடியிலிருந்த அமிலம் மெல்ல மெல்லச் செம்மஞ்சள் நிறமாயிற்று. வகுப்பில் ஒருவரும் பேசவில்லை. "இது முதல் சோதனைதான். இதை வைத்து முடிவு சொல்லக் கூடாது. சரியான ஆய்வுக்கூடத்தில் பார்த்துத்தான் உறுதி செய்ய வேண்டும்" என்று சொல்லி, மீதி எண்ணெயை உறையிட்டுச் சுகாதார அதிகாரிகளிடம் ஒப்படைத்தார்.

தோழியும் அவள் அம்மாவும் பிழைத்தார்கள். தாதி மூன்றாவது வாரம் இறந்து போனார். எண்ணெய் விற்ற கடை சில நாட்கள் பூட்டியிருந்து பிறகு திறந்தது. எங்கள் பாட்டி வெகுநாள் வரை வாசலில் போய் உட்காரவில்லை.

ஓர் அமிலத்துளி அந்த எண்ணெய் அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் விழுந்திருந்தால் என்ற நினைப்பு என்னை விட்டு அகலவில்லை. இன்றும் அகலவில்லை.

"சமையலுக்கு ஒரு படிப்பா?"

பன்னிரண்டாம் வகுப்பு முடிந்தது. அப்பாவுக்கு நான் பொறியாளராக வேண்டும். நுழைவுத் தேர்வு எழுதினேன், இடம் கிடைக்கவில்லை. இன்னும் ஓராண்டு படித்து மறுபடி எழுதச் சொன்னார். நான் வேதியியல் இளங்கலை படித்துவிட்டு மைசூருக்குப் போய் உணவுத் தொழில்நுட்பம் படிக்கப் போகிறேன் என்றேன். "அரிசி பருப்பு பார்க்கறதுக்கா உன்னை இங்கே கொண்டுவந்து படிக்க வச்சேன்? சமையலுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஊரையும் நிலத்தையும் விட்டுவிட்டு இரண்டு அறைக் குடியிருப்பில் வாழ்ந்தவருக்கு, பிள்ளைகளின் படிப்பு ஒன்றுதான் சேமிப்பு. அது வீணாகிவிடுமோ என்ற பயம் அவருக்கு. வெளியூரில் வாழும் நம்மில் பலருக்கும் இந்தப் பயம் உண்டு.

மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை. நான்காம் நாள் பாட்டிதான் வாயைத் திறந்தார். "எதிர்வீட்டுக்காரி எதனால செத்தான்னு எந்த இஞ்சினியர்டா கண்டுபிடிச்சான்?" என்றார். அப்பா பதில் சொல்லவில்லை. விண்ணப்பப் படிவத்தில் மறுநாள் கையெழுத்து இருந்தது.

தில்லியில் இளங்கலை முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, 2003-இல் மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் முதுகலைக்குச் சேர்ந்தேன். 1950-இல் தொடங்கப்பட்ட அந்த நிறுவனம் செலுவாம்பா மாளிகை என்ற பழைய அரண்மனையில் இருக்கிறது. அதன் முதல் இயக்குநர் வி. சுப்ரமணியன். அவர் காலத்தில் அங்கே நடந்த ஒரு வேலையைச் சொன்னால் இந்தத் துறையின் பயன் விளங்கும். நம் நாட்டில் எருமைப் பால் அதிகம். ஆனால் அதில் கொழுப்பு பசும்பாலைப் போல ஏறக்குறைய இரு மடங்கு. குழந்தையின் வயிற்றில் கெட்டியாகத் திரிந்து செரிக்காது. ஆகவே குழந்தை உணவுக்கு எருமைப் பால் உதவாது என்பது வெளிநாட்டார் முடிவு. மைசூர் விஞ்ஞானிகள் அந்தப் பாலின் தன்மையை மாற்றிக் குழந்தை உணவாக்கும் முறையை உருவாக்கினார்கள். குஜராத்தின் ஆனந்தில் அமுல் கூட்டுறவு அதைத் தயாரித்தது. நம்மில் எத்தனையோ பேர் அந்தப் பால்பொடி குடித்து வளர்ந்தவர்கள்தான்.

நம் காவிரிக் கரைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. குறுவை அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொள்ள, ஈர நெல் களத்திலேயே முளைத்துவிடும் துயரத்தைத் தஞ்சைக்காரர்கள் அறிவார்கள். அந்தச் சிக்கலைத் தீர்ப்பதற்காக 1967-இல் திருவாரூரில் ஒரு நெல் பதன ஆராய்ச்சி மையம் தொடங்கிற்று. பின்னர் அது தஞ்சாவூருக்கு மாறி வளர்ந்து, இன்று தேசிய உணவுத் தொழில்நுட்பம், தொழில் முனைவு மற்றும் மேலாண்மை நிறுவனமாக விளங்குகிறது.

என்னதான் கற்பிக்கிறார்கள்?

பலர் இதைச் சமையற்கலையோடும் உணவு விடுதி மேலாண்மையோடும் குழப்பிக்கொள்கிறார்கள். நோயாளிக்கு எதைக் கொடுக்கலாம் என்று சொல்லும் உணவியல் படிப்பும் வேறு. உணவு அறிவியல் என்பது வயலிலிருந்தும் கறவையிலிருந்தும் வந்த பொருள் நம் தட்டுக்கு வரும் வரையில் அதற்குள் என்ன நடக்கிறது என்பதைப் பற்றிய படிப்பு. இதற்கு நான்கு தூண்கள்.

முதலாவது வேதியியல். தோசை ஏன் சிவக்கிறது? புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருகின்றன. 1912-இல் பிரெஞ்சு அறிஞர் மயார் இதை விளக்கினார். அவர் பெயராலேயே இந்த வினை அழைக்கப்படுகிறது. நறுக்கிய வாழைக்காய் கறுப்பது வேறு காரணத்தால். அது நொதியின் வேலை. அதனால்தான் நறுக்கியவுடன் தண்ணீரில் போடுகிறோம்.

இரண்டாவது நுண்ணுயிரியல். மாவில் நண்பனாக வரும் நுண்ணுயிர் பற்றியும், கெட்ட பாலில் பகைவனாக வருவது பற்றியும் அறிவது. ஆவக்காய் ஏன் ஓராண்டு கெடுவதில்லை? உப்பு, அதிலுள்ள தண்ணீரை நுண்ணுயிருக்கு எட்டாதபடி பிடித்து வைத்துக்கொள்கிறது. புளிப்பு துணை நிற்கிறது. மேலே நிற்கும் எண்ணெய் காற்றைத் தடுக்கிறது. ஈரக் கரண்டி போடாதே என்று அம்மா அதட்டுவது இதனால்தான்.

மூன்றாவது பொறியியல். வீட்டில் ஒரு லிட்டர் பாலைக் காய்ச்சுவது எளிது. ஒரு பண்ணையில் ஒரு லட்சம் லிட்டரை 72 டிகிரியில் 15 விநாடி வைத்து, உடனே குளிர்விக்க வேண்டுமென்றால் குழாய், பம்பு, வெப்பமாற்றி என்று ஒரு தொழிற்சாலையே வேண்டும். "பொறியியல் படிக்கவில்லையே" என்று வருந்திய அப்பாவுக்கு நான் மைசூரிலிருந்து எழுதிய முதல் கடிதத்தில் இதைத்தான் எழுதினேன்.

நான்காவது ஊட்டமும் சட்டமும். புழுங்கலரிசியில் பச்சரிசியைவிட பி1 வைட்டமின் அதிகம் நிற்பது ஏன் என்பதும் இதில் வரும் (நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள வைட்டமின் அரிசிக்குள் இறங்கிவிடுகிறது). பொட்டலத்தின் மேல் என்ன எழுத வேண்டும் என்பதும் வரும். 1954-இன் கலப்படத் தடுப்புச் சட்டம் போய், 2006-இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டம் வந்தது. நீங்கள் வாங்கும் பொட்டலத்தில் பதினான்கு இலக்க உரிம எண் ஒன்று இருக்கும். அடுத்த முறை கடையில் அதைத் தேடிப் பாருங்கள்.

நான் இருபது ஆண்டுகளாகப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். எண்ணெய், பால், மசாலாப் பொடிகள் வருகின்றன. மஞ்சள்பொடியில் மெட்டானில் மஞ்சள் என்ற தடை செய்யப்பட்ட சாயம் கலந்திருந்தால், ஹைட்ரோகுளோரிக் அமிலம் பட்டதும் அடர்ந்த இளஞ்சிவப்பு நிறம் காட்டும். அப்படி நிறம் மாறும்போதெல்லாம் எட்டாம் வகுப்பு மஞ்சள் காகிதமும் பதினொன்றாம் வகுப்புப் புட்டியும் ஒருசேர நினைவுக்கு வரும். முதல் சோதனையை வைத்து முடிவு சொல்லக் கூடாது என்ற எங்கள் ஆசிரியரின் பாடத்தையும் மறப்பதில்லை. அவசரப்பட்டால் குற்றமற்ற வியாபாரியின் பிழைப்பு போய்விடும். அலட்சியமாக இருந்தால் இன்னொரு தாதி போய்விடுவார்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள்

அரியானாவில் குண்ட்லி, தமிழ்நாட்டில் தஞ்சாவூர் ஆகிய இரண்டு இடங்களிலும் உள்ள தேசிய நிறுவனங்களில் தொழில்நுட்ப இளநிலைப் பட்டத்திற்கு ஜே.ஈ.ஈ. மெயின் தேர்வு வழியாகச் சேரலாம். தில்லிப் பல்கலைக்கழகக் கல்லூரிகள் சிலவற்றில் உணவுத் தொழில்நுட்ப இளங்கலை உண்டு; 2022-லிருந்து பொது நுழைவுத் தேர்வு மூலம் சேர்க்கை நடக்கிறது. மும்பையில் இருக்கும் அன்பர்களுக்கு மாட்டுங்காவின் வேதித் தொழில்நுட்ப நிறுவனமும், கல்கத்தாவில் இருப்போருக்கு யாதவ்பூர் பல்கலைக்கழகமும் அருகிலேயே உள்ளன. வேதியியலோ உயிரியலோ படித்துவிட்டு முதுகலையில் என்னைப் போல மாறிக்கொள்ளவும் வழியுண்டு.

இனிப்பான பக்கத்தை மட்டும் சொல்லக் கூடாது. தொடக்கச் சம்பளம் கம்ப்யூட்டர் துறையைவிடக் குறைவாகவே இருக்கும். தொழிற்சாலைகள் ஊருக்கு வெளியே இருக்கும். இரவு வேலை உண்டு. வாடை பழகும் வரை சிரமம்தான். சமைக்கப் பிடிக்கும் என்பதற்காக மட்டும் இந்தப் படிப்பை எடுக்க வேண்டாம். ஏன் இப்படி ஆனது என்று கேட்டுக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு, அதே சோதனையை இருபது முறை பொறுமையாகத் திருப்பிச் செய்யக்கூடிய பிள்ளைக்கு இது ஏற்ற படிப்பு.

உங்கள் பிள்ளைக்கு அந்தக் குணம் இருக்கிறதா என்று அறிய ஒரு எளிய வழி உண்டு. வருகிற குளிர்காலத்தில் ஒரு வெப்பமானியும் ஒரு நோட்டும் வாங்கிக் கொடுங்கள். மாவு வாளியை அவர்களிடம் ஒப்படையுங்கள். ஒரு மாதம் கழித்து நோட்டைப் பாருங்கள். பக்கங்கள் நிறைந்திருந்தால் தயங்காதீர்கள்.

என் பாட்டி இப்போது இல்லை. அப்பா ஓய்வு பெற்று எங்களோடு இருக்கிறார். மளிகைக் கடைக்குப் போனால் சட்டைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து ஒவ்வொரு எண்ணெய்ப் பொட்டலத்தையும் திருப்பிப் படிக்கிறார். கடைக்காரர் பொறுமையிழந்தால், "எம் பொண்ணு இதுலதான் வேலை பார்க்கறா" என்று இந்தியில் சொல்கிறார்.

பொங்கல் வரிசையில் தலைகுனிந்து நின்ற பெண்ணே, உன் அப்பாவிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு. அடுத்த சங்கக் கூட்டத்திற்கு இருவரும் வாருங்கள். என் பழைய கணக்கு நோட்டை எடுத்து வருகிறேன்.